அச்சடிக்க மறுக்கும் பிரிண்டர்: ஐந்து கோளாறு, ஐந்து கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்ன காட்சியோட ஆரம்பிக்கலாம்.

உங்க முன்னாடி ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. 1989-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1. தட்டையா, சதுரமா இருக்கும். பார்க்க அப்படியே பீட்சா டப்பா. அதனால அந்த வகைக்கே ‘பீட்சா பாக்ஸ்’னு செல்லப் பேர் வந்துடுச்சு. 20 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர். இன்னைக்கு உங்க கைக்கடிகாரத்துல இதைவிட வேகமான சிப் இருக்கும். ஆனா அந்தக் காலத்துல பொறியாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இதுக்கு முன்னாடி உட்கார வரிசையில நின்னாங்க. இந்த மாதிரி மெஷினுக்குத்தான் ஒர்க்ஸ்டேஷன்னு பேர்.

பழைய மெஷின் சேகரிக்கிற நண்பர் ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்துட்டீங்க. ஆன் பண்ணியாச்சு, யூனிக்ஸ் எழுந்து வந்தாச்சு. பக்கத்துல ஒரு பிரிண்டர். நாலு வரி எழுதி, பிரிண்ட் கமாண்ட் அடிக்கிறீங்க.

ஒண்ணும் நடக்கல. பிரிண்டர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு.

‘பிரிண்டர்னாலே அப்படித்தான்’னு நாம எல்லாரும் சொல்லிட்டுக் கடந்து போயிடுவோம். நான் அப்படிக் கடந்து போகாம, ஒவ்வொரு கோளாறா நின்னு பார்க்கப் போறேன். ஏன்னா பிரிண்டர் தர்ற ஒவ்வொரு தொல்லைக்குப் பின்னாடியும் ஒரு வருஷம் இருக்கு, அந்த வருஷத்துல யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கு. ஐந்தாவது கோளாறு இன்னைக்கு நீங்க பயன்படுத்துற சாஃப்ட்வேர் வரைக்கும் பாதிச்ச ஒரு சண்டையில போய் நிக்குது.

கோளாறு 1: எதுவுமே வரவில்லை

முதல்ல கேபிளைப் பாருங்க. இந்த ஸ்பார்க்ஸ்டேஷன்ல பிரிண்டருக்குன்னு தனி பேரலல் போர்ட் கிடையாது. சீரியல் போர்ட்தான். அது ஆர்எஸ்-232 என்ற விதிப்படி பேசும்.

ஆர்எஸ்-232 பிறந்தது 1960-ல். அப்போது அதன் வேலையே வேறு. ஒரு பக்கம் டெலிடைப் மெஷின் அல்லது டெர்மினல், மறுபக்கம் டெலிஃபோன் லைனில் இணைந்த மோடம். இந்த இரண்டையும் இணைப்பதற்குத்தான் அந்த விதி எழுதப்பட்டது. அதனால் உலகத்தில் இரண்டு வகைச் சாதனங்கள்தான் உண்டு என்று அது எடுத்துக்கொண்டது: டெர்மினல் வகை, மோடம் வகை. 25 பின் கனெக்டரில் டெர்மினல் 2-வது பின்னில் பேசும், 3-வது பின்னில் கேட்கும். மோடம் அதற்கு நேர்மாறு.

இப்போ கம்ப்யூட்டர் எந்த வகை? பிரிண்டர் எந்த வகை? விதியை எழுதினவங்க இந்தக் கேள்வியையே நினைச்சுப் பார்க்கல. பெரும்பாலும் ரெண்டுமே தன்னை டெர்மினல்னு நினைச்சுக்கும். அப்போ நேரான கேபிளைப் போட்டா என்ன ஆகும்? ரெண்டு பேரும் ஒரே கம்பியில பேசுவாங்க, ரெண்டு பேரும் ஒரே கம்பியில காதை வெச்சுக் காத்திருப்பாங்க. யாருக்கும் எதுவும் கேக்காது.

இதற்கு மருந்து, 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிக் கட்டிய கேபிள். ‘நல் மோடம்’ கேபிள் என்பார்கள். நடுவில் மோடமே இல்லை, ஆனால் இருப்பது போல இரண்டு பக்கத்தையும் நம்ப வைக்கும் கேபிள். அந்தக் கால லேப்களில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து இதைத் தானே செய்துகொண்டவர்கள் ஏராளம்.

கோளாறு 2: வருகிறது, ஆனால் நடுவில் வரிகள் காணோம்

கேபிள் சரி பண்ணியாச்சு. இப்போ ஏதோ வருது, ஆனா முழுக்க கிறுக்கல். இது சுலபம். கம்ப்யூட்டர் ஒரு வேகத்துல பேசுது, பிரிண்டர் வேற வேகத்துல கேக்குது. ரெண்டையும் 9600-க்கு மாத்தினா சரியாயிடும்.

அடுத்தது கொஞ்சம் கெட்டிக்காரத் தொல்லை. முதல் பத்து வரி சரியா வருது, அப்புறம் நாலு வரி காணோம், மறுபடி ஆறு வரி வருது. ஏன்? கம்ப்யூட்டர் கடகடன்னு பேசுது. பிரிண்டரோட மெமரி நிரம்பிப் போச்சு. ‘கொஞ்சம் நிறுத்து’ன்னு பிரிண்டர் கத்துது, கம்ப்யூட்டர் அதைக் கவனிக்கல.

‘நிறுத்து’ என்று சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தனிக் கம்பி வழியாக. இன்னொன்று, பேச்சுக்குள்ளேயே ஒரு ரகசிய எழுத்தாக. நிறுத்து என்பதற்கு ஆஸ்கி எண் 19, தொடரு என்பதற்கு 17. டெலிடைப் மெஷினில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியை நிறுத்தவும் ஓட்டவும் வந்த எழுத்துகள் இவை.

நீங்க கோடு எழுதுறவரா இருந்தா, டெர்மினல்ல தெரியாம கன்ட்ரோல்-எஸ் அடிச்சு, எல்லாம் உறைஞ்சு போய், பயந்திருப்பீங்க. கன்ட்ரோல்-க்யூ அடிச்சாதான் உயிர் வரும். அந்த கன்ட்ரோல்-எஸ் வேற எதுவும் இல்ல, அந்த 19-ஆம் எழுத்தேதான். காகித நாடா போய்ப் பல வருஷம் ஆச்சு, ஆனா அதோட பிரேக் இன்னும் உங்க லேப்டாப்ல வேலை செய்யுது.

இந்தத் தொல்லையைத் தீர்க்க இன்னொரு வழியை 1970-ல் சென்ட்ரானிக்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. மாடல் 101 என்ற அவர்களுடைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு வந்த பேரலல் இணைப்பு அது. எட்டு கம்பிகளில் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகளும் ஒரே நேரத்தில் போகும். ‘எழுத்து வந்துவிட்டது, எடுத்துக்கொள்’ என்று சொல்ல ஒரு கம்பி. ‘எடுத்துக்கொண்டேன்’ என்று பதில் சொல்ல ஒரு கம்பி. ‘நான் பிஸி’ என்று சொல்ல ஒரு கம்பி. காகிதம் தீர்ந்தால் சொல்லவும் தனிக் கம்பி.

அந்த 36 பின் கனெக்டரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? சென்ட்ரானிக்ஸ் கம்பெனி வாங் லேபரட்டரீஸிலிருந்து பிரிந்து வந்தது. வாங் கம்பெனியிடம் கால்குலேட்டர்களுக்காக வாங்கி மிச்சமாகிப் போன கனெக்டர்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சும்மா கிடப்பதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதுவே உலகத்துக்கு வழக்கமாகிப் போனது. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் 25 பின் ஆக்கினார்கள். பிரிண்டர் பக்கத்தில் அந்த 36 பின் அப்படியே நின்றது. 1994-ல்தான் இதை முறையான தரவிதியாக ஐஇஇஇ அமைப்பு எழுதி வைத்தது. நம்ம ஊர் கடைகளில் ‘கர்ர்... கர்ர்’ என்று பில் போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களின் பின்னால் தடியாக ஒரு கேபிள் தொங்குமே, அது இந்த வம்சம்தான்.

கோளாறு 3: படிக்கட்டு

சரி, இப்போ எல்லா எழுத்தும் வருது. ஆனா முதல் வரி இடது ஓரத்துல ஆரம்பிக்குது. ரெண்டாவது வரி, முதல் வரி எங்க முடிஞ்சதோ அங்கிருந்து ஆரம்பிக்குது. மூணாவது இன்னும் வலது பக்கம். பக்கம் முழுக்கப் படிக்கட்டு மாதிரி இறங்கிப் போய், கடைசியில காகிதத்தை விட்டே வெளியே போயிடுது.

யூனிக்ஸ் பயன்படுத்தினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இந்தப் படிக்கட்டுல இறங்கியிருப்பாங்க.

காரணம் மறுபடியும் டெலிடைப். அதில் அடுத்த வரிக்குப் போக இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். அச்சடிக்கும் தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். அது ஒரு கட்டளை. காகிதம் ஒரு வரி மேலே ஏற வேண்டும். அது இன்னொரு கட்டளை. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் மெஷினில், தலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடிவர ஓர் எழுத்தின் நேரம் போதாது. இரண்டு கட்டளைகள் என்றால் அந்த அவகாசமும் கிடைத்துவிடும்.

யூனிக்ஸை எழுதியவர்கள், ஃபைலுக்குள் எதற்கு இரண்டு, வரி முடிந்தது என்று காட்ட ஓர் எழுத்து போதுமே என்று முடிவு செய்தார்கள். வெளியே அனுப்பும்போது தேவையான சாதனத்துக்கு மட்டும் இரண்டாக மாற்றிக்கொள்ளலாம். அழகான முடிவு. ஆனால் நடுவில் நின்று மாற்ற வேண்டியவரை வேலைக்கு வைக்க மறந்துவிட்டால், பிரிண்டர் காகிதத்தை மட்டும் ஏற்றும், தலையைத் திருப்பாது. அதுதான் படிக்கட்டு. டாஸும் விண்டோஸும் இரண்டு எழுத்து வழக்கத்திலேயே நின்றுவிட்டன. விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறி மாறி ஒரே ஃபைலைத் திறக்கும்போது வரும் குழப்பத்துக்கும் வேர் இதே இடம்தான்.

கோளாறு 4: படம் கேட்டால் புரோகிராம் வருகிறது

இப்போ பிரிண்டரை மாத்தி ஒரு லேசர் பிரிண்டர் வெச்சிருக்கீங்க. ஒரு வரைபடத்தை அச்சடிக்கச் சொல்றீங்க. படம் வரல. அதுக்குப் பதிலா, மேலே ஒரு சதவீதக் குறி, ஓர் ஆச்சரியக் குறி, அப்புறம் ‘பிஎஸ்’ எழுத்துகள். அதுக்குக் கீழே பக்கம் பக்கமா ஏதோ புரோகிராம். நிறுத்துறதுக்குள்ள நாற்பது தாள் காலி.

உண்மையிலேயே அது புரோகிராம்தான். மொழியின் பேர் போஸ்ட்ஸ்கிரிப்ட்.

ஏன் படத்துக்குப் பதிலா புரோகிராமை அனுப்பணும்? ஒரு கணக்குப் போடுவோம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஓர் ஏ4 பக்கத்தில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 9600 வேகத்துச் சீரியல் கேபிளில் நொடிக்கு 960 பைட், அதாவது 7,680 புள்ளிகள் போகும். வகுத்துப் பாருங்க: ஒரே ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 19 நிமிஷம். டீ குடிச்சிட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது.

இந்தச் சிக்கலுக்கு ஒரே ஊரில் இரண்டு விடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடம் அது. நாம போட்டோகாப்பிக்கே பெயராக வைத்துக்கொண்ட அதே ஜெராக்ஸ்தான். கேரி ஸ்டார்க்வெதர் அங்கே 1970-களின் தொடக்கத்தில் லேசர் பிரிண்டரைச் செய்து முடித்தார். நொடிக்கு ஒரு பக்கம். அவ்வளவு வேகத்துக்குத் தீனி போடும் கேபிள் எங்கே? அங்கே பணியாற்றிய பாப் மெட்காஃப் 1973 மே 22-ல் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் கட்டடத்துக் கம்ப்யூட்டர்களையும் அந்த லேசர் பிரிண்டரையும் ஒரே வலையில் கோர்ப்பது எப்படி என்பது அதிலுள்ள யோசனை. அதுதான் ஈதர்நெட். உங்க வீட்டு ரவுட்டரின் பின்னாடி இருக்கிற அந்த ஓட்டைக்கு, பிரிண்டருக்கு வழி தேடினதும் ஒரு காரணம்.

இன்னொரு விடை: கேபிளைப் பெரிதாக்காமல், அனுப்புவதைச் சின்னதாக்குவது. 87 லட்சம் புள்ளிகளை அனுப்புவதற்குப் பதிலாக, ‘இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு, இந்த எழுத்தை இந்த அளவில் வை’ என்று சொல்லி அனுப்பலாம். வரைவதை பிரிண்டர் பார்த்துக்கொள்ளும். அதே கூடத்தில் இந்த யோசனையில் வேலை செய்த ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982-ல் வெளியேறி அடோபி கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த மொழிதான் போஸ்ட்ஸ்கிரிப்ட். 1985-ல் அதைப் பேசிக்கொண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. விலை 6,995 டாலர். புரோகிராமைப் புரிந்துகொண்டு வரைய வேண்டுமே, அதனால் பிரிண்டருக்குள்ளேயே ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதன் ப்ராசசர், பக்கத்து மேஜையில் இருந்த மேக்கின்டாஷின் ப்ராசசரைவிட வேகமானது!

ஆக, உங்க பிரிண்டர் புரோகிராமை அப்படியே அச்சடிச்சா, அதுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது, இல்லேன்னா வந்திருப்பது போஸ்ட்ஸ்கிரிப்ட்னு யாரும் அதுகிட்ட சொல்லல.

கோளாறு 5: வரிசையில் நிற்கிறது, நகரவில்லை

கேபிள் சரி, வேகம் சரி, மொழி சரி. ஆனா நீங்க அனுப்பிய வேலை வரிசையில நிக்குது, நகரல. இப்போ கையை வைக்க வேண்டிய இடம் சாஃப்ட்வேர்.

இந்த ஸ்பார்க்ஸ்டேஷனில் ஓடும் சன்ஓஎஸ் 4, பெர்க்லி யூனிக்ஸ் குடும்பம். 1983 ஆகஸ்டில் வந்த 4.2 பிஎஸ்டி என்ற பதிப்பின் அச்சு முறையே இங்கும். ‘எல்பிஆர்’ என்ற கமாண்ட் உங்கள் ஃபைலை வாங்கி ஒரு டைரக்டரியில் வைக்கும். ‘எல்பிடி’ என்ற காவலாளி பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக பிரிண்டருக்கு அனுப்புவார். எந்த பிரிண்டர் எங்கே இருக்கிறது என்ற விவரம் ‘பிரிண்ட்கேப்’ என்ற ஒரே ஃபைலில், ரெண்டு ரெண்டு எழுத்துச் சுருக்கங்களாக இருக்கும். ஒரு வரியின் கடைசியில் பின்சாய்வுக் கோட்டுக்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் போதும், மிச்ச வரிகளை அது சேர்த்துப் படிக்காது. ஃபைலின் அளவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை நீக்க ஒரு சுருக்கம் எழுதாவிட்டால் படங்கள் நிறைந்த பெரிய ஃபைல் முழுசாகப் போய்ச் சேராது.

ஆனா கவனிங்க: இதெல்லாம் கண்ணால படிக்கக்கூடிய ஃபைல். என்ன தப்புன்னு நீங்களே தேடிப் பார்க்கலாம், திருத்தலாம். இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய, அமெரிக்காவோட இன்னொரு ஓரத்துக்குப் போகணும்.

நகல் கேட்டவர்

எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடம். 1980 வாக்கு. பிரிண்டர் ஓரிடத்தில், ஆட்கள் வேறிடத்தில். அச்சடிக்கக் கொடுத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தால் காகிதம் சிக்கி நிற்கும். முன்னால் இருந்த பிரிண்டரில் இந்தத் தொல்லைக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் ஒரு தீர்வு செய்திருந்தார். காகிதம் சிக்குவதை அவரால் தடுக்க முடியாது. ஆனால் சிக்கியதும், காத்திருக்கும் எல்லார் திரைக்கும் செய்தி போகும்படி சாஃப்ட்வேரை மாற்றினார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். அவ்வளவுதான்.

பிறகு ஜெராக்ஸ் ஒரு புது லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. வேகமானது, அழகாக அச்சடிக்கும். அதுவும் சிக்கும். ஆனால் இந்த முறை அதன் சோர்ஸ் கோடு தரப்படவில்லை. ஓடுகிற புரோகிராம் மட்டும் வந்தது. ஸ்டால்மனால் அந்தச் சின்ன மாற்றத்தைச் செய்ய முடியவில்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த சோர்ஸ் கோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, நேரில் போய்க் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்தச் சம்பவத்தை ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எதிரில் இருக்கும் மெஷினில் என்ன கோளாறு என்று தெரியும், சரிசெய்யவும் தெரியும், ஆனால் அனுமதி இல்லை. அந்தக் கசப்பு அவருடைய பிற்கால முடிவுகளில் கலந்திருந்தது. 1983 செப்டம்பர் 27-ல், யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழு இயங்குதளம் எழுதப் போவதாக அறிவித்தார். பேர் குனு. பின்னாளில் லினக்ஸோடு சேர்ந்து உலகத்தின் பெரும்பாலான சர்வர்களுக்குள் போய் உட்கார்ந்தது அந்த வேலைதான். இதுக்கு பிரிண்டர் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். அந்தக் கூடத்துல வேற பல பிரச்சினைகளும் இருந்துச்சு. ஆனா கதவு சாத்தப்படுறதை அவர் முதல்முதலா முகத்துக்கு நேரா பார்த்த இடம், அந்த பிரிண்டர்.

எது மிச்சம் இருக்கு?

கடைசியா ரெண்டு மெஷின்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1988-ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனி ஓர் அருமையான ஒர்க்ஸ்டேஷனையும், கூடவே 400 புள்ளித் துல்லியத்தில் ஒரு லேசர் பிரிண்டரையும் கொண்டுவந்தது. விலையைக் குறைக்க, பக்கத்தை வரையும் மூளையை பிரிண்டரில் வைக்கவில்லை. கம்ப்யூட்டரே வரைந்து புள்ளிகளாக அனுப்பும். இணைப்பும் அவர்களுக்கே உரியது. நியாயமான வியாபார முடிவு. ஆனால் 1993-ல் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் தயாரிப்பதை நிறுத்தியது. கம்ப்யூட்டர் செத்துப்போனால், நல்ல நிலையில் இருக்கும் அந்த பிரிண்டரை வேறு எதிலும் நேராகச் செருகிப் பயன்படுத்த முடியாது. 1990-களில் விண்டோஸை மட்டுமே நம்பி வந்த மலிவு பிரிண்டர்களுக்கும் இதே கதிதான். புது விண்டோஸுக்கு டிரைவர் இல்லை என்றதும், மையும் தீராத பிரிண்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இன்னொரு பக்கம் நம்ம ஸ்பார்க்ஸ்டேஷன். சன் கம்பெனியே இப்போ கிடையாது. 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆனால் எல்பிடி எப்படிப் பேசும் என்பதை 1990 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1179 என்ற பொது ஆவணமாக எழுதி வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் படித்து, அதன்படி ஒரு பிரிண்டரைச் செய்யலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் விளக்கத்தையும் அடோபி புத்தகமாகவே வெளியிட்டது.

அதனால இன்னைக்கு என்ன செய்யலாம் தெரியுமா? ஸ்பார்க்ஸ்டேஷனோட பழைய 15 பின் ஈதர்நெட் போர்ட்டுல ஒரு சின்ன மாற்றி செருகி, இன்றைய நெட்வொர்க்கோட இணைங்க. பிரிண்ட்கேப் ஃபைல்ல ஆபீஸ் லேசர் பிரிண்டரோட பேரை ஒரே ஒரு வரியில எழுதுங்க. பெரும்பாலான ஆபீஸ் நெட்வொர்க் பிரிண்டர்கள் இன்னும் 515-ஆம் போர்ட்டுல எல்பிடி பேசும். பல பிரிண்டர்களுக்கு போஸ்ட்ஸ்கிரிப்டும் தெரியும். அந்தப் பீட்சா டப்பா தன்னைவிட முப்பது வயசு இளைய பிரிண்டர்கிட்ட பேசும். அதுவும் அச்சடிச்சுக் கொடுக்கும். உங்க மேக்கிலோ லினக்ஸிலோ டெர்மினலைத் திறந்து எல்பிஆர் கமாண்டை அடிச்சுப் பாருங்க. அதுவும் இன்னும் வேலை செய்யும்.

அடுத்த தடவை உங்க பிரிண்டர் அடம் பிடிச்சா, ஒரு தட்டுத் தட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. பேச்சு அந்தப் பக்கம் கேக்குதா? ரெண்டு பேரும் ஒரே வேகமா? ஒரே மொழியா? நிறுத்துன்னா நிக்குதா? பெரும்பாலும் விடை இதுக்குள்ளயே கிடைச்சிடும். கிடைக்கலேன்னா, ஐந்தாவதா ஒண்ணு கேளுங்க: இந்த மெஷின் தன்னோட கோளாறை நான் பார்க்க விடுதா? புதுசா எதை வாங்கினாலும், பிரிண்டரோ போனோ காரோ, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க.